மூசிக்கு விட வேண்டிய இடம்

ஒரே தேதியில் உலகத்தின் எந்தெந்த மூலையில் என்னென்ன புயலும் மழையும் அடித்தன என்று தொகுத்துப் போடுவது பத்திரிகைகளில் வெகுகால வழக்கம். செப்டம்பர் 28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் ஜேனட் என்ற பெரும்புயல் மெக்ஸிகோவின் சேத்துமால் நகரை நொறுக்கியது அன்றுதான். 1998இல் ஜார்ஜஸ் புயல் அமெரிக்காவின் மிசிசிப்பி கடற்கரையில் கரையேறியது. 2016இல் மேகி சூறாவளி சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்குள் நுழைந்தது. அதே நாளில் தெற்கு ஆஸ்திரேலியாவில் அடித்த காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் சாய்ந்து மாநிலம் முழுவதும் இருண்டுபோனது. 2022இல் இயன் புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியதும் இதே தேதியில்தான்.

ஹைதராபாத்காரர்களுக்கு இந்தத் தேதி 1908ஐத்தான் குறிக்கும். அந்த ஆண்டு செப்டம்பர் 28, திங்கட்கிழமை. மூசி நதி ஊருக்குள் புகுந்த நாள். பழைய நகரத்துப் பெரியவர்கள் அதைத் துக்யானி என்பார்கள். எந்த ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வெள்ளம்தான் அப்படிப் பெயர் பெற்றது.

இத்தனை சீற்றங்களும் ஒரே தேதியில் வந்து விழுந்ததில் பாதி தற்செயல், பாதி காரணத்தோடு வந்தது. கோடை முழுவதும் வெயிலை வாங்கிய வடபாதி உலகத்துக் கடல்கள் செப்டம்பரில்தான் நன்றாகச் சூடேறி நிற்கின்றன. புயலுக்குத் தீனி அந்தச் சூடு. தக்காணத்தில் அதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஜூனில் தொடங்கிய தென்மேற்குப் பருவமழை விடைபெறும் நேரம் அது. நான்கு மாத மழையில் மண் ஊறிக் கிடக்கும், ஏரிகள் தளும்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வங்கக் கடலில் உருவாகும் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மேற்கே நகர்ந்து வந்தால், பெய்கிற மழைக்குப் போக இடம் இருக்காது.

1908இல் அதுதான் நடந்தது. நகரத்துக்குத் தெற்கே, இன்று விமான நிலையம் இருக்கும் ஷம்ஷாபாதில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலம் மழை பதிவானது. இன்றைய கணக்கில் இரண்டு நாளில் 48 சென்டிமீட்டர். ஹைதராபாத் கருங்கல் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். மேல்மண் அதிகம் இல்லை. விழுந்த நீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும்.

ஆனால் மழை மட்டும் ஊரை அழிக்கவில்லை. விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலையில் பிறந்து வரும் மூசிக்கும், அதோடு சேரும் ஈசி ஆற்றுக்கும் நீர் தரும் பரப்பில் அப்போது 788 ஏரிகள் இருந்தன. ஏறக்குறைய சதுர மைலுக்கு ஒன்று. மேல் ஏரி நிறைந்து கீழ் ஏரிக்கு வழிவிடும் சங்கிலி ஏற்பாடு. நம் ஊர்க் கண்மாய்களைப் போலத்தான். அந்த இரண்டு நாளில் 221 ஏரிகளின் கரை உடைந்தது. அவற்றில் 182 ஈசி ஆற்றுப் பக்கம். ஒரு கரை உடைந்து பாயும் நீரைக் கீழே இருக்கும் கரையால் தாங்க முடியாது. அது உடைந்தால் அதற்கும் கீழே உள்ளது. மழைநீரோடு, பல மாதங்களாகச் சேர்த்து வைத்த ஏரிநீரும் ஒன்றாகத் திரண்டு நகரத்தை நோக்கி இறங்கியது.

விடிவதற்குள் தண்ணீர் புரானாபூல் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. 1578இல் குதுப் ஷாஹிகள் கட்டிய அந்தப் பாலம் நின்றது. அதற்குக் கிழக்கே இருந்த அப்சல்கஞ்ச், சாதர்காட் பாலங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. சுமார் 19,000 வீடுகள் இடிந்தன. வீடிழந்தவர்கள் 80,000 பேர். அது அன்றைய மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கு என்பார்கள். இறந்தவர்கள் பதினைந்தாயிரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரம்ஜான் நோன்பு தொடங்கியிருந்த நேரம். தெலங்கானாப் பெண்கள் பூக்களை அடுக்கி ஏரியில் விடும் பதுகம்மா நாட்களும் அதே சமயம்தான்.

எண்கள் இவ்வளவு பெரிதானால் மனதில் நிற்பதில்லை. ஒரு மனிதரைச் சொல்கிறேன். உருது இலக்கியத்தில் ருபாயி என்ற நான்கடிப் பாடல் வடிவத்துக்குப் பேர்போன அம்ஜத் ஹைதராபாதி அந்த வெள்ளத்தில் தன் தாயை, மனைவியை, மகளைக் கண்ணெதிரே பறிகொடுத்தார். குடும்பத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். பிற்காலத்தில் அந்த நாளைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பின் பொருள் ‘சிறிய ஊழி’. அதன் பிறகும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இதே ஊரில் வாழ்ந்து 1961இல் மறைந்தார்.

இன்னொரு சாட்சி இன்றும் உயிரோடு நிற்கிறது. உஸ்மானியா மருத்துவமனையின் ஆற்றங்கரைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. 1908இல் அந்த இடத்தில் இருந்தது பழைய அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரி. வெள்ளம் சூழ்ந்தபோது 150க்கும் மேற்பட்டவர்கள் இந்த மரத்தில் ஏறி, கிளைகளைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார்கள். அடிமரம் முறுக்கிக்கொண்டு, புடைத்து, பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. தாழ்ந்த கிளை ஒன்று குழந்தைகூடக் கால் வைத்து ஏறும் உயரத்தில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் நிழலில் நோயாளிகளின் உறவினர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். சிலர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 28 அன்று நகரத்தின் மேல் அக்கறை கொண்ட சிலர் இங்கே கூடி இறந்தவர்களை நினைவுகூர்கிறார்கள். அந்தக் கூட்டம் இன்னும் நூறு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்று ஆட்சி செய்தவர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான். அவர் ஆற்றங்கரைக்கு வந்து ஆரத்தி எடுத்து, புடவையும் முத்தும் காணிக்கையாக விட்டு மூசியைச் சாந்தப்படுத்தினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. இந்து முஸ்லிம் இரு தரப்பும் அதைப் பாசத்தோடு சொல்கிறார்கள். அது கதையாகவே இருக்கட்டும். அரண்மனைக் கதவுகளை அவர் வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்டார் என்பதும், அடுத்த ஆண்டே ஒரு பொறியாளரை வரவழைத்தார் என்பதும் வரலாறு. பம்பாய் அரசுப் பணியை விட்டு வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த விஸ்வேஸ்வரய்யாதான் அந்தப் பொறியாளர்.

அவர் வந்து ஏரி ஏரியாகக் கணக்கெடுத்தார். நான் மேலே சொன்ன 788ம் 221ம் அவர் எழுதிவைத்த எண்கள். 1909 அக்டோபரில் அறிக்கை கொடுத்தார். ஊருக்குள் கரையை உயர்த்துவது மட்டும் போதாது, வெள்ளத்தை ஊருக்கு மேலேயே பிடித்து நிறுத்த வேண்டும் என்றார். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இல் எழுந்தது. அதைத்தான் கண்டிப்பேட்டை என்கிறோம். ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இல் முடிந்தது. இடையில் 1912இல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் ஆற்றங்கரையைச் சீர்படுத்தியது. இன்று நாம் வியந்து பார்க்கும் உஸ்மானியா மருத்துவமனையும் உயர்நீதிமன்றமும் அந்த அழிவுக்குப் பிறகு கரைகளில் எழுந்தவை.

இந்த இரண்டு நீர்த்தேக்கங்களுக்கும் இரட்டை வேலை. நகரத்துக்குக் குடிநீர் தர வேண்டும், வெள்ளத்தையும் தாங்க வேண்டும். இங்கேதான் சிக்கல். குடிநீர் வேண்டுமென்றால் மழைக்காலம் முடியும் நேரத்தில் அணை நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் அதே நேரத்தில் அணையில் காலி இடம் இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் இந்த இரண்டு தேவைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. நிறைந்த அணையைப் பார்த்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அணையில் கொஞ்சம் குறைத்து வைத்தால் வறட்சி வந்தபின் பழி வரும். அதனால் காலி இடத்துக்காக வாதாட யாரும் இருப்பதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது செம்பரம்பாக்கம் ஏரி ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்த நிலையில் இருந்தது. அன்று இரவு வினாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் இறங்கியது. ஷம்ஷாபாதில் இரண்டு நாளில் பெய்தது தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டியது. நூற்றேழு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்கள், பாடம் ஒன்றே.

ஹைதராபாதிலும் பாடம் திரும்பத் திரும்ப நடத்தப்படுகிறது. 2000 ஆகஸ்ட் 24இல் பேகம்பேட்டையில் ஒரே நாளில் 24 சென்டிமீட்டர் பெய்தது. 2020 அக்டோபர் 13 அன்று பெய்த பெருமழைக்குப் பின் பல்லே செருவு என்ற ஏரி வழிந்து கீழே இருந்த குடியிருப்பை மூழ்கடித்தது. அடுத்த சில நாட்களில் பாலாப்பூர் குர்ரம் செருவின் கரையும் உடைந்தது. 1908இல் 221 இடங்களில் நடந்தது இங்கே ஒன்றிரண்டில் நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். 2025இல் துக்யானி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு அணைகளின் மதகுகளும் திறக்கப்பட்டு, ஆற்றின் நடுவே கட்டிய மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் இரவில் தண்ணீர் புகுந்தது. பயணிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஆற்றின் நடுவே பேருந்து நிலையம், ஏரிக்குள் மனைப்பிரிவு, நாலா என்ற மழைநீர் ஓடையின் மேல் கடை. நீருக்கு விட வேண்டிய இடத்தைத் துண்டு துண்டாக நாம் எடுத்துக்கொண்டோம். இரண்டு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குப் பெரிய கட்டடங்கள் கூடாது என்று 1996இல் 111ஆம் எண் அரசாணை வந்தது. 2022இல் அந்தக் கட்டுப்பாடுகளை விலக்குவதாக அரசு ஆணையிட்டது. கண்டிப்பேட்டைத் தண்ணீர் இப்போது நகரத்தின் தேவையில் சிறு பங்குதானே, கிருஷ்ணாவும் கோதாவரியும் வந்துவிட்டனவே என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். குடிநீர்க் கணக்கு மட்டும் போட்டால் அது சரியாகத் தோன்றும். கிருஷ்ணா நீரைக் குழாயில் கொண்டுவர முடியும். அனந்தகிரியிலிருந்து வரும் வெள்ளத்தை வேறெங்கும் அனுப்ப முடியாது. அந்த அணைகள் பிறந்ததே அதற்காகத்தான்.

ஆகவே செப்டம்பர் 28ஐ அஞ்சலி நாளாக மட்டும் வைத்துக்கொள்வது போதாது என்று நினைக்கிறேன். அன்று இரண்டு அணைகளிலும் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்று அரசு ஊரறியச் சொல்லட்டும். எந்த ஏரிக்கரை பலவீனமாக இருக்கிறது, எந்தக் கலங்கலை அடைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அன்று வெளியாகட்டும். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் தங்களுக்கு மேலே எந்த ஏரி இருக்கிறது, அதன் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று அன்றாவது விசாரிக்கட்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இந்தத் தேதி இன்னும் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழை தொடங்க அப்போது ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். குடிமராமத்து என்று ஊர்கூடி ஏரியைச் சீர்செய்த மரபு நம்முடையது. செப்டம்பர் 28 அன்று உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு முறை நடந்து பாருங்கள். கலங்கல் திறந்திருக்கிறதா, வரத்துக்கால்வாயும் போக்குக்கால்வாயும் தடையில்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் ஊராட்சிக்கோ நீர்வளத்துறைக்கோ அன்றே எழுதிக் கொடுங்கள். மழை வந்தபின் அதற்கு நேரம் இருக்காது.