ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் ஒரு பற்றரிக் கணக்கு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் கணவாய் வழியாக இலுக்கும்புறவுக்குப் போகும் சாலை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றருக்குள் ஆயிரம் மீற்றர் உயரம் ஏறிவிடுகிறது. கீழே மிளகுக் கொடிகளும் கொக்கோவும், நடுவில் தேயிலை, அதற்கும் மேலே நக்கிள்ஸ் காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இந்தக் காடும் அடங்கும். கொண்டையூசி வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கு எடுத்தே ஆகவேண்டும்.

மார்கழிக் காலை ஒன்றில் ஓர் அக்காவும் தம்பியும் இந்த வழியில் ஏறினார்கள். தம்பி மாத்தளைக்காரர். அவருடையது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த முதல் தலைமுறை பிரியஸ் பிளக்-இன் ஹைபிரிட். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கே அவர் ஓட்டுவதும் பிளக்-இன்தான். வீட்டில் செருகி சார்ஜ் ஏற்றலாம், சார்ஜ் தீர்ந்தால் பெற்றோலில் ஓடலாம் என்ற வசதி இருவருக்கும் ஒன்றுதான். குளிர்தான் வேறு.

“எங்கட பக்கம் மைனஸ் பதினைந்துக்குப் போனா, சார்ஜ் முழுசா இருந்தாலும் எஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகும் தம்பி” என்றார் அக்கா.

அதற்குக் காரணம் உண்டு. குளிரில் லித்தியம் பற்றரிக்குள் வேதிவினை மந்தமாகும், உள்தடை கூடும். ஆனால் அதைவிடப் பெரிய செலவு, உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு கொடுப்பது. அமெரிக்காவின் ஏஏஏ மோட்டார் சங்கம் 2019இல் மின்சாரக் கார்களைச் சோதித்தது. சுமார் மைனஸ் 7 பாகை செல்சியஸில் ஹீட்டர் போடாதபோது ஓடும் தூரம் சராசரியாக 12 சதவீதம்தான் குறைந்தது. ஹீட்டரைப் போட்டதும் 41 சதவீதம் குறைந்தது. கனடாக்காரர்கள் வண்டியைச் செருகியில் வைத்தபடியே உள்ளே சூடேற்றிவிட்டுப் புறப்படுவது இதனால்தான். அந்தச் சூட்டுக்கான மின்சாரத்தை வீடு தருகிறது, பற்றரி அப்படியே இருக்கிறது.

ரிவர்ஸ்டனில் உறைபனி இல்லை. ஸ்வெட்டர் கேட்கும் குளிரும், ஆளைத் தள்ளும் காற்றும், வளைவுக்கு வளைவு இறங்கும் மூடுபனியும்தான். இங்கே பற்றரியைத் தின்பது ஏற்றம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள ஒரு காரை ஆயிரம் மீற்றர் மேலே தூக்க மட்டும் சுமார் 4.4 கிலோவாட் மணி சக்தி வேண்டும். அந்தப் பழைய பிரியஸின் பற்றரி மொத்தமுமே 4.4 கிலோவாட் மணிதான்! ஜப்பானியச் சோதனையில் அது பெற்றோல் இல்லாமல் ஓடிய 26.4 கிலோமீற்றரை மலைச் சாலையில் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

தம்பி இதை நன்றாக அறிந்தவர். மாத்தளை நெரிசலை மின்சாரத்தில் கடந்தார். ரத்தோட்டை தாண்டியதும், சாலை செங்குத்தாகும் முன்பே, பொத்தானை அழுத்தி ஹைபிரிட் முறைக்கு மாறினார். குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மேல் நடு ஏற்றத்தில் திடீரென்று முழுப் பாரத்தையும் போடாமல், சற்று முன்னதாகவே சூடாகவிடுவது நல்ல பழக்கம்.

மேலே போகப் போக முன்கண்ணாடி உள்ளே வியர்த்தது. அக்காவின் கை பழக்கத்தில் ஹீட்டர் பக்கம் போனது.

“ஹீட்டர் வேணாம் அக்கா, ஏசி போடுங்க.”

குளிரில் ஏசியா என்று அக்கா திகைத்தார். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். பத்துப் பதினைந்து பாகைக் குளிரில் அதுவே கண்ணாடியைத் தெளிவாக்கப் போதும். கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. இந்த மாடலில் சூட்டுக் காற்று வேண்டுமென்றால் எஞ்சின் ஓடியே ஆகவேண்டும். 2017இல் வந்த அடுத்த தலைமுறைக்கு வெப்பப் பம்பு கொடுத்தார்கள். அது மைனஸ் பத்துப் பாகை வரை எஞ்சின் துணையின்றிச் சூடு தரும்.

ரிவர்ஸ்டன் கணவாயில் மரங்கள் காற்றுக்குப் பணிந்து குட்டையாகவே வளர்கின்றன. அதைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை. சில கிலோமீற்றருக்குள் ஈரக்காடு முடிந்து புல்வெளியும் வெயிலும் வந்துவிடும் இந்த மாற்றத்துக்காகவே இங்கே வரலாம்.

பிளக்-இன் வண்டியின் அருமை இலங்கையருக்குப் புரிந்த ஆண்டு 2022. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. மின்வெட்டோ ஒருகட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. ஒன்று இல்லாதபோது மற்றது கைகொடுத்தது. 2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது என்பதால், பழைய பற்றரிகளைப் பக்குவமாகப் பேணியவர்களே தப்பினார்கள். அந்தப் பக்குவம் மதிக்கத்தக்கது.

ரிவர்ஸ்டனிலிருந்து திரும்பும் வழியில் தம்பி வண்டியை நிதானமாக இறங்கவிட்டார். இறக்கத்தில் மோட்டார் மின்னாக்கியாக மாறி, வேகத்தைப் பிடித்துக்கொண்டே பற்றரியை நிரப்புகிறது. மேலேயே பற்றரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. வேகத்தைப் பிடிக்கும் வேலை எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் போய்விடும். ரத்தோட்டை வரை மின்சாரத்தில் ஓடிச் சார்ஜைக் கரைத்து இடம் வைத்திருந்ததன் பலன் இப்போது தெரிந்தது. ரத்தோட்டையில் பற்றரி சார்ஜ் மூன்றில் ஒரு பங்காக இருந்தது. ஏறச் செலவான சக்தி முழுதும் திரும்பாது. உருளும் டயரும் எதிர்க்காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதை வைத்து மாத்தளை நோக்கி விட்டார்கள். முத்துமாரியம்மன் கோயிலடி நெரிசலில் மற்ற வண்டிகள் புகை கக்கி நின்றபோது, இவர்களுடைய எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை.