அவரவர் விளக்கு

கோவில் மணி ஒலித்தால் எழுகின்றோம். சுவாமியார் அழைத்தால் முழந்தாளிடுகின்றோம். அழைப்பாரில்லையெனில் நம் விசுவாசம் என்னாகும்?

சில்லாலையை நினைக்குந்தோறும் இக்கேள்வி என் உள்ளத்தில் எழும். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். ஏறத்தாழ 30 ஆண்டுகள் நிலையான குருவின்றிக் கழிந்தன. 1687இல் இரவலர் கோலத்தில் வந்த யோசப் வாஸ் முனிவரை, ஆபத்தை அறிந்தும் ஏற்று மறைத்துக் காத்தனர் சில்லாலையார். அதுவரை அவ்வூர் வீடுகளிலே பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக்கொடுத்தவர் பெற்றோரேயன்றி வேறு யார்?

தடையின்றி ஞாயிறுதோறும் பூசை காணும் எனக்கு அவர்கள் உணர்த்துவது, திருச்சபை ஏற்றித் தந்த விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பது அவரவர் கடன் என்பதே. இன்றிரவு உங்கள் இல்லத்திற் செபத்தைத் தொடங்கப்போவது யார்?