யார் யாரைத் தேர்ந்தெடுப்பது?

என்னைக் கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்ப்பதா, கடன் வாங்கியாவது மெட்ரிக்கில் சேர்ப்பதா என்று திருவான்மியூர் வீட்டில் ஒரு கோடை முழுக்கப் பேச்சு. மெட்ரிக் ஜெயித்தது. அப்பா விடிவதற்கு முன்பே விண்ணப்ப வரிசையில் போய் நின்றார். இன்டர்வியூவில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் படிப்பையும் சம்பளத்தையும்தான் கேட்டார்கள். “நாம எங்க ஸ்கூலைப் பாத்தோம், அவங்கதான் நம்மளைப் பாத்தாங்க” என்றாள் அம்மா, திரும்பும் வழியில்.

கல்லூரியில் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றிக் கேட்டபோது அம்மாதான் நினைவுக்கு வந்தாள். படிப்புக்கு அரசு பணம் தரட்டும், பள்ளியை அதுவே நடத்த வேண்டியதில்லை, பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும் என்பது அவர் வாதம். ராஜாஜி பக்தரான அப்பாவுக்கு இது தேனாக இனித்தது. அரசின் தலையீட்டை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சி கண்ட அதே ராஜாஜிதான், 1953இல் முதல்வராக இருந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று திட்டம் போட்டார். அதைவிடப் பெரிய தலையீடு என்ன இருக்கிறது? இதைச் சொன்னால் அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார். 1954இல் காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அதற்காக அரசுதான் எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன். பெசன்ட் நகரில் இருக்கும் ஆல்காட் பள்ளி, மற்ற பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக 1894இல் ஒரு தனி மனிதர் தொடங்கியது. இலவசமாக.

அப்பாவிடம் கேட்ட கேள்விகளை இன்று கேட்டால் சட்டப்படி குற்றம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோரைச் சலித்தெடுப்பதைத் தடை செய்தது. தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. கட்டணத்தை அரசு தரும். கிட்டத்தட்ட ஃப்ரீட்மன் சொன்னதுதான். ஆனால் விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். எங்கள் தெருவில் துணி தேய்ப்பவரின் மகளுக்குச் சீட்டு விழுந்தது. புத்தகம், யூனிஃபார்ம், வேன் என்று வேறு ரசீதுகளும் வந்தன.

மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் 2025இல் அந்தக் குலுக்கலும் நின்றது. அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது பள்ளி திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடும் அரசுகளை நம்பி எந்தத் தாயும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது.