தனிமை என்று பெயர் வைத்த ஊர்

கலிபோர்னியாவிலுள்ள என் சாச்சியின் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சோலெடாடைப் பார்க்க வேண்டும் என்றேன். "அங்கே என்ன தாத்தா இருக்கு? சலாதுத் தோட்டமும் மறியல்கூடமும்தானே!" என்று சிரித்தாள். ஆனாலும் கூட்டிப் போனாள்.

சோலெடாட் என்றால் ஸ்பானிய மொழியில் தனிமை. 1791 இல் அங்கே நிறுவப்பட்ட கிறிஸ்தவ தேவாலயத்தின் பெயர் ஊருக்கும் நிலைத்துவிட்டது. ஜோன் ஸ்டைன்பெக் என்ற எழுத்தாளர் 1937 இல் எழுதிய சிறு நாவலொன்று இவ்வூரருகே தொடங்குகின்றது. பண்ணை பண்ணையாக அலையும் இரு கூலியாட்கள், சொந்தமாக ஒரு துண்டு நிலமும் சில முயல்களும் வேண்டுமென்று கனவு காண்கிறார்கள். கறுப்பினத் தொழிலாளி மட்டும் குதிரைலாயத்தை ஒட்டிய அறையில் தனியே படுக்க வேண்டும். பண்ணையிலிருக்கும் ஒரே பெண்ணுக்குப் பெயரே இல்லை. இன்னாரின் மனைவி, அவ்வளவுதான்! எனக்கு அந்தப் புத்தகத்தில் மறக்க முடியாதது இதுதான்.

சலினாஸ் நகரிலிருந்து 101 ஆம் இலக்கப் பாதையில் தெற்கே போனோம். இருபுறமும் மலைத்தொடர், நடுவே சீப்பால் வாரினாற் போன்ற பச்சை வரிசைகள். பகலானதும் கடற்காற்று புழுதியை வாரி இறைக்கின்றது. அதனால் தோட்டத்துப் பெண்கள் கண்கள் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்த எனக்கு ஒரு கணம் நம்மவர்களோ என்றிருந்தது!

1930களில் வரட்சியாலும் புழுதிப் புயலாலும் ஓக்லஹோமா போன்ற மாநிலங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் கலிபோர்னியாவுக்கு வந்தனர். வெள்ளையராயிருந்தும் அவர்களை 'ஓக்கி' என்று இகழ்ந்தார்கள். பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் பட்டது அதைவிடக் கொடுமை. தனியாட்களாக வந்த அவர்கள் வெள்ளைப் பெண்களை மணப்பதை 1933 இல் சட்டம் தடுத்தது. 1948 வரை அத்தடை நீடித்தது. அவர்களுடைய ஊர்ப் பெண்களோ அங்கு மிகக் குறைவு. எத்தனையோ பேர் முகாம் கட்டிலிலேயே கிழவர்களானார்கள். அருகிலுள்ள வாட்சன்வில்லில் 1930 இல் அவர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழியில் சுவலார் என்ற சிற்றூர். 1963 இல் தொழிலாளரை ஏற்றி வந்த வாகனத்தை ரயில் மோதியது இங்கேதான். மெக்சிக்கோவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த 32 பேர் மாண்டனர். அந்த ஒப்பந்தத் திட்டம் 1964 இல் முடிவுக்கு வந்தது. குட்டைப் பிடி மண்வெட்டி மேலும் பதினொரு ஆண்டுகள் இருந்தது. நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ய வைத்து முதுகை ஒடித்த அந்தக் கருவி 1975 இல்தான் தடைசெய்யப்பட்டது. ஒரு மண்வெட்டிப் பிடியை நீட்டவா இத்தனை காலம்?

சோலெடாடில் தண்ணீர் வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தோம். பணம் அனுப்பும் வரிசையில் ஒரு பெண், காலணியில் சேறு காயாமல் நின்றாள். தங்கை ஸ்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தாள். ஊரில் வீடு கட்டுகிறாளாம். சுவர் எழும்பிவிட்டது, கூரை பாக்கி. மகளைத் தாயிடம் விட்டு வந்து ஒன்பது வருடமாம். வளைகுடாவுக்குப் போன நம் பெண்களிடம் எத்தனை முறை கேட்ட கதை!

"மகள் இப்போது எவ்வளவு உயரம்?" என்று கேட்கச் சொன்னேன். அவள் கையைத் தன் தோளருகே உயர்த்தினாள். சற்று யோசித்து, இன்னும் கொஞ்சம் மேலே உயர்த்தினாள்.