சாவிக்கொத்து

உதகையில் உறைபனி விழுந்த ஒரு மார்கழிக் காலை. குறுந்தொகை வகுப்பில் கடைசி வரிசை மாணவி பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன, வாயில் நுரை. ஓடிவந்த தமிழ்த்துறை ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். செய்ததென்னவோ, துறை பீரோவின் சாவிக்கொத்தை அவள் உள்ளங்கையில் திணித்து விரல்களை இறுக மூடியதுதான். பெரும்பாலான வலிப்புகள் இரண்டொரு நிமிடத்தில் தாமே அடங்கிவிடுபவை. இரும்புதான் அடக்கிற்று என்று நாங்கள் நம்பிக்கொண்டோம். 'கால் கை வலிப்பு' என்பதே மருவிக் 'காக்காய் வலிப்பு' ஆயிற்று என்று பாடம் சொல்பவர்களும் நாங்கள்தாம்!

மறுநாள் தாயார் வந்தார். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்.

"மாசமா இருந்தப்ப கிரகணத்துல வெளிய வந்துட்டேன் சார். என்னாலதான் இவளுக்கு இப்படின்னு மாமியார் இன்னிக்கும் சொல்லிக்காட்டுறாங்க."

பையில் கோவையில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை இருந்தது. டாக்டர் சொன்னதில் பாதிதான் விளங்கியதாம். ஆங்கிலம் எங்களுக்கும் பாதிதான் விளங்கிற்று; விலங்கியல் துறை நண்பரை அழைத்துவந்தோம்.

கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் உட்புறத்தில் பிறந்து, வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, புறணியில் ஆறு அடுக்குகளாக அமர்கின்றனவாம். சில அணுக்கள் வழியிலேயே தங்கிவிடும். சில உருத்திரிந்து, வரிசை குலைந்து அமரும். இந்த இரண்டாம் வகையை 1971இல் லண்டனில் டேவிட் டெய்லரும் உடனிருந்தோரும், வலிப்புக்காக அறுத்தெடுத்த மூளைத் துண்டுகளில் கண்டு எழுதினார்கள். கருவளர்ச்சியின் போக்கில் சில அணுக்களில் மட்டும் நேரும் மரபணு மாற்றமே பலரிடம் இதற்குக் காரணம். கிரகணத்துக்கு இதில் வேலையே இல்லை.

மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு அந்த இடத்தையே அறுத்து நீக்குவதும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் அத்தகைய அறுவை நடக்கிறது. தாயார் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "இவளைக் கட்டிக்கொடுக்க முடியுமா?" என்றார். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் புகுந்த 'வலிப்பு' என்ற சொல்லை 1999இல் நீக்கிவிட்டார்கள் என்றோம். அவர் முகத்தில் மாற்றமில்லை. சட்டம் மாமியார் வரை போகவில்லையே.

பிறகு, "இதத் தமிழ்ல எழுதித் தாங்க சார், வீட்டுல படிச்சுக் காட்டணும்" என்றார். எழுதினோம். சரியான சொல் அகப்படாமல் 'அடுக்குப் பிசகு' என்று போட்டோம். அறிக்கையில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்தோம்: தாயின் குற்றம் இதில் ஏதுமில்லை.

தை மாதம் அவள் மறுபடி விழுந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி என்று கடிகாரத்தைப் பார்த்தபடி அருகிலிருந்தோம். சாவிக்கொத்தை யாரோ எடுத்துவந்துவிட்டார்கள். வாங்கி மேசைமேல் வைத்தோம்.