இடம் கொடுக்கும் மனம்

முன்பின் அறியாத ஊரில் புதிதாக வாழ்வைத் தொடங்குபவர் அங்குக் காலூன்ற எது துணை செய்கிறது? சிங்கப்பூர் இயக்குநர் அந்தோணி சென் இயக்கிய ‘இலோ இலோ’ திரைப்படம் இக்கேள்வியை எழுப்புகிறது. 2013ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் இப்படம் தங்கக் கேமரா விருதை வென்றது.

கதை 1997ஆம் ஆண்டில், ஆசியப் பொருளாதார நெருக்கடியின்போது நிகழ்கிறது. தம் கைக்குழந்தையைப் பிலிப்பீன்ஸில் விட்டுவிட்டு, சிங்கப்பூரில் வீவக வீடொன்றுக்குப் பணிப்பெண்ணாக வருகிறார் தெரசா. அவ்வீட்டுச் சிறுவன் ஜியாலேக்கு அவரைப் பிடிக்கவில்லை. கடையில் ஒரு பொருளை அவருக்குத் தெரியாமல் அவரது பையில் போட்டு, அவரைத் திருட்டுப் பழிக்கு ஆளாக்குகிறான். தெரசா பணிந்துபோகவில்லை. தாம் வேலை செய்யவே வந்ததாகவும் அவமானப்பட வரவில்லை என்றும் அவனிடம் உறுதியாகக் கூறுகிறார். பின்னர், விபத்தில் அவன் கை முறிந்தபோது அவரே அக்கறையுடன் கவனித்துக்கொள்கிறார். பகை மெல்லப் பாசமாகிறது.

ஆனால், தந்தை வேலை இழந்ததால் குடும்பம் தெரசாவை ஊருக்கு அனுப்ப நேர்கிறது. பிரியும் வேளையில் ஜியாலே அவரது கூந்தலில் ஒரு கற்றையை வெட்டி வைத்துக்கொள்கிறான். விரட்ட நினைத்தவனுக்கே அவரது நினைவு தேவைப்படுகிறது.

இயக்குநரைச் சிறுவயதில் கவனித்துக்கொண்ட பணிப்பெண்ணின் சொந்த ஊர் பிலிப்பீன்ஸின் இலோய்லோ. படத்தின் பெயர் அதிலிருந்தே பிறந்தது.

புதியவர் காலூன்ற அவருடைய உழைப்பு மட்டும் போதாது. அங்கிருப்போரின் மனமும் இடம் கொடுக்க வேண்டும்.