வேகமாக வருகிற நோய்

நோயாளி இருக்கும் வீட்டில் 'வேகம்' என்ற வார்த்தைக்கு நல்ல பெயர் கிடையாது. மெதுவாக வருகிற நோயை விருந்தாளிபோல் சகித்துக்கொள்கிறோம். ஓடி வருவதைக் கண்டால் கைகால் வெலவெலத்துவிடுகிறது. 'பர்க்கிட் லிம்போமா' என்ற நோயைப் பற்றி விசாரிக்கும் வரையில் என் கட்சியும் அதுதான்.

ரத்தத்திலும் நிணநீரிலும் சஞ்சரிக்கும் ஒருவகை வெள்ளை அணுவில் பிறக்கிற புற்று இது. ஓரிரண்டு நாளிலேயே இரட்டிக்கக்கூடியது.

டெனிஸ் பர்க்கிட் அயர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் சர்ஜனாக இருந்தார். 1957-ல் கம்பாலாவில் முலாகோ ஆஸ்பத்திரியில் ஒரு சிறுவனைக் காட்டினார்கள். தாடையின் நாலு பக்கமும் வீக்கம். சில வாரம் கழித்து ஜிஞ்சா என்ற ஊரில் அதே முகத்துடன் இன்னொரு குழந்தை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது அந்த ஒற்றைக் கண்தான். 1961-ல் இரண்டு நண்பர்களோடு பழைய மோட்டாரில் 10,000 மைல் சுற்றி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார். மழையும் உஷ்ணமும் மிகுந்த இடங்களில், அதாவது மலேரியாப் பிரதேசங்களில், நோய் அதிகம் என்று தெரிந்தது.

அவர் லண்டனில் பேசியதைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், கட்டித் துணுக்குகளை விமானத்தில் தருவித்து ஆராய்ந்தார். 1964-ல் பார், அச்சோங் என்ற இருவருடன் சேர்ந்து அதில் ஒரு வைரஸைக் கண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோர் உடம்பில் சாதுவாகக் குடியிருப்பது! ஆப்பிரிக்காவுக்கு வெளியே பலருக்கு அது இல்லாமலும் இந்த நோய் வருகிறது. எங்கே வந்தாலும் நடப்பது ஒன்றுதான்: அணுவுக்குள் ஒரு குரோமோசோம் துண்டு இடம் மாறி ஒட்டிக்கொள்கிறது; 'பெருகு' என்று உத்தரவிடும் ஜீனுக்குக் கடிவாளம் அறுந்து போகிறது.

ஆனால் மருந்து பெரும்பாலும் பெருகுகிற அணுவைத்தான் தாக்கும். தூங்குகிற அணு தப்பும், ஓடுகிறது அகப்படும். பர்க்கிட் மருந்து கொடுத்தபோது முகத்தை மறைத்த கட்டிகள் நாட்கணக்கில் கரைந்தன. அப்படிக் கரைவதிலும் ஆபத்து உண்டு: செத்த அணுக்களின் கழிவு சிறுநீரகத்தைத் திணற அடிக்கும். அதனால் முதல் சில நாள் நரம்பில் நீரேற்றி, இமை கொட்டாமல் காவல் இருக்கிறார்கள். இன்று வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர்வரை பிழைக்கிறார்கள்.

என் நண்பரின் பேரனுக்கு இந்த நோய் என்று தெரிந்த வெள்ளிக்கிழமை, அவர் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை அஷ்டமி, அப்புறம் நவமி. செவ்வாய்க்கிழமை சேர்க்கலாம் என்று பேச்சு. "செவ்வாய்க்குள் கட்டி இரண்டு மடங்காகிவிடும், ஐயா!" என்றேன். பாட்டி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பஞ்சாங்கத்தை அவளே மூடினாள்.

"அந்தச் சனியனுக்கு அஷ்டமி இல்லையென்றால், நமக்கும் வேண்டாம். வண்டியைக் கூப்பிடு" என்றாள்.

ராத்திரியே சேர்த்துவிட்டார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.